பெரியாருக்கு ஒன்றரை டிக்கெட்

பிப்ரவரி 14, வெள்ளிக்கிழமை

அக்கா மகளுக்குக் காதுகுத்து என்றால் தாய்மாமன் போகாமல் இருக்க முடியாது. சென்னையிலிருந்து மதுரைக்கு நாங்கள் மூவரும் போவதாகத்தான் இருந்தோம். மாமியாருக்குக் கண் அறுவைச் சிகிச்சை அதே வாரத்தில் அமைந்துவிட்டதால் என் மனைவி தங்கிவிட, ஆறு வயதுக் கதிரை நான் மட்டும் அழைத்துக்கொண்டு வெளியூர் போகும் முதல் பயணமாக இது ஆயிற்று. கதிருக்கு ஆட்டிசம் இருப்பது மூன்றாவது வயதில் உறுதியானது. பெயர் சொல்லி அழைத்தால் அவன் திரும்பமாட்டான். வேண்டியதை விரலால் சுட்டாமல், என் கையைப் பிடித்து இழுத்துப் போய் அந்தப் பொருளின் மேலேயே வைப்பான். காது மந்தம் என்று நினைத்து நாங்கள் முதலில் போனது காது மருத்துவரிடம்தான்.

எடுத்துச் சென்ற இரண்டு பைகளில் ஒன்று முழுவதும் அவனுடையது. அவன் சாப்பிடும் எவர்சில்வர் தட்டு, அவனுடைய தலையணை உறை, வழக்கமான பிஸ்கட் ஆறு பாக்கெட் (வேறு பிஸ்கட்டை அவன் பிஸ்கட்டாகவே மதிப்பதில்லை), இரைச்சலைக் குறைக்கக் காதில் மாட்டும் கவசம், இவற்றோடு பட அட்டைகள். பல் துலக்குவது, குளிப்பது, ஆட்டோ, கடை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை இருக்கிறது; அன்றைக்கு நடக்கப்போவதைக் காலையிலேயே வரிசையாக ஒட்டிக் காட்டிவிட்டு, முடிந்ததை ஒவ்வொன்றாகப் பிய்த்து உறையில் போடுவோம். அடுத்து என்ன என்று தெரிந்துவிட்டால் அவன் பாதி அமைதியாகிவிடுவான். மதுரைக்கென்று சேகரித்த புதுப் படங்களை மட்டும் அச்சிடச் சோம்பல்பட்டுக் கைப்பேசியிலேயே வைத்திருந்தேன். அந்தச் சோம்பலுக்கு மறுநாள் வட்டியோடு கட்டினேன்.

இரவு ரயிலில் விழுப்புரம் வரை அவன் உறங்கவில்லை, அதற்குப் பிறகு நான் உறங்கவில்லை. விடிவதற்கு முன்பே மதுரைச் சந்திப்பில் இறங்கியபோது ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரவே, கதிரும் அதே ஏற்ற இறக்கத்தோடு, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்றான். இதைக் கிளிப்பேச்சு என்று உறவினர்கள் சிரிப்பதுண்டு. கேட்ட தொடரை முழுதாக எடுத்து ஒரே சொல்லைப் போலப் பயன்படுத்தும் குழந்தைகள் பலர் இருக்கிறார்கள் என்றும், எந்த நேரத்தில் எதைச் சொல்கிறான் என்று கவனித்தால் பொருள் பிடிபடும் என்றும் அவனுடைய பேச்சுப் பயிற்சியாளர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். கதிர் இந்த ரயில் அறிவிப்பைச் சொன்னால், "அப்பா, கொஞ்சம் இங்கே பார்" என்று பொருள். பார்த்தேன். அவனுடைய செருப்பு வார் அறுந்திருந்தது.

அறுந்த செருப்போடு அவனைத் தூக்கிக்கொண்டு டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு சிறிய கடையில் காலை உணவுக்கு உட்கார்ந்தோம். மதுரையில் இட்லி இலைக்கு வரும் வேகத்தை நான் மறந்திருந்தேன். "ரெண்டு இட்லி, சட்னி வேண்டாம்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வெள்ளைச் சட்னி, காரச் சட்னி, மல்லிச் சட்னி மூன்றும் விழுந்து, அதன்மேல் சாம்பாரும் ஓடிவிட்டது. கதிரைப் பொறுத்தவரை வேறொன்று தொட்ட இட்லி இட்லியே அல்ல. அவன் கண்களை மூடிக்கொண்டு, "ம்ம்ம்" என்று ஒரே சுருதியில் முனகத் தொடங்கினான். அந்தச் சுருதி ஏறினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். பரிமாறியவர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். என்ன ஏதென்று கேட்காமல் இலையோடு சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். புது இலை போட்டு, ஓரத்தில் ஒரு துளி தண்ணீரும் நிற்காமல் துடைத்து, நடுவில் இரண்டு இட்லியை மட்டும் வைத்துவிட்டு, "தம்பிக்கு வெள்ளையாவே வச்சிருக்கேன்ணே" என்றார். கதிர் நான்கு இட்லி சாப்பிட்டான். ஓர் இட்லி 10 ரூபாய். வீணான இரண்டையும் பில்லில் சேர்க்கச் சொன்னேன், சேர்க்க மறுத்துவிட்டார்.

அக்கா வீடு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்கு அருகில் இருக்கிறது. வெயில் தணிந்த பிறகு மாலையில் குளத்துப் பக்கம் நடந்தோம். திருமலை நாயக்கர் காலத்தில் வெட்டிய குளம். ஒரு பக்கம் ஏறத்தாழ 1,000 அடி நீளம் இருக்கும். தைப்பூசத் தெப்பம் மூன்று நாள்களுக்கு முன்புதான் முடிந்திருந்ததால் திருவிழாக் கடைகள் சில இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தன. சுற்றுச்சுவர் கதிருக்குப் பிடித்துவிட்டது. கையைச் சுவரில் வைத்தபடி ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலை வரை நடப்பான், பிறகு திரும்பி வருவான். ஐந்து முறை நடந்தோம். நான் பருத்திப்பால் வாங்கிக் குடித்தேன், 20 ரூபாய். சுக்கும் கருப்பட்டியும் தொண்டையில் இறங்கிய பிறகுதான் இரவு விழித்த களைப்பு கொஞ்சம் விலகிற்று.

சுவரோரம் ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படிப் பார்ப்பவர்கள் அடுத்து என்ன கேட்பார்கள் என்று தெரியுமாதலால் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவரோ அருகில் வந்து, கதிரின் காதுக் கவசத்தைக் காட்டி, "இது எங்க வாங்குனீங்க, என்ன வெல?" என்றார். 850 ரூபாய் என்றேன். அவருடைய மகளுக்கும் ஆட்டிசம், எட்டு வயது. சிறிது தள்ளி அம்மாவின் முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அரை மணி நேரம் பேசினோம். மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்கிவிட்டார்களாம், நாற்பது கேள்விகள் கொண்ட மதிப்பீட்டில் அந்தப் பெண்ணுக்கு 118 வந்திருக்கிறது, கதிருக்கு 112. 107 முதல் 153 வரை என்றால் "மிதமானது" என்று எழுதித் தருகிறார்கள். அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தவர் ஒரே ஒரு முறை கதிரை முடிவெட்டும் கடைக்கு அழைத்துப் போய் வந்திருக்கலாம். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் "நிராமயா" காப்பீட்டைப் பற்றி அவருக்குத் தெரியவில்லை. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும், பயிற்சிக் கட்டணத்துக்கும் அதில் இடம் உண்டு என்று சொன்னேன்; கையில் எழுதிக்கொண்டார். இரண்டு குழந்தைகளும் ஒன்றையொன்று ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பெயர்களைக் கேட்டுக்கொள்ள நாங்களும் மறந்துபோனோம்.

பிப்ரவரி 15, சனிக்கிழமை

மாசி பிறந்து மூன்றே நாள் என்பதால் விடியற்காலையில் குளிர் இருந்தது. கூட்டம் சேர்வதற்குள் மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய்விடலாம் என்று ஆறு மணிக்கே கிளம்பினோம். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நேர்ந்த பிறகு, கோயிலுக்குள் கைப்பேசி கொண்டுபோவதற்கு அந்த ஆண்டிலேயே தடை வந்துவிட்டது. இது எனக்குத் தெரியாத செய்தி அல்ல. கதிருடைய நாள் முழுவதும் அந்தக் கைப்பேசிக்குள்தான் இருக்கிறது என்பது மட்டும், அதை ஒப்படைத்து டோக்கன் வாங்கிய பிறகே உறைத்தது.

சோதனை வாசலில் காவலர் கையை நீட்டினார். முன்பின் அறியாதவர் லேசாகத் தொடுவது கதிருக்குச் சுட்டதைப் போல இருக்கும். அழுத்திப் பிடித்தால் ஒன்றும் இல்லை. இதை எப்படி ஒரே வரியில் சொல்வது என்று நான் தடுமாறிக்கொண்டிருக்க, கதிர் தரையில் உட்கார்ந்துவிட்டான். பின்னால் வரிசை நீண்டது. "மொதல்ல என்னயச் சோதிங்க, அவன் பாக்கட்டும்" என்றேன். என்னை முன்னும் பின்னும் தட்டிப் பார்த்ததை அவன் முழுதாகக் கவனித்தான். பிறகு எழுந்து நின்று, தானே தன் சட்டையை அழுத்தி அழுத்தித் தட்டிக் காட்டினான். காவலர் சிரித்துக்கொண்டே உள்ளே விட்டார்.

உள்ளே கல்தரை சில்லென்று இருந்தது. வாசலில் வாங்கிய தாழம்பூக் குங்குமத்தைச் சுற்றியிருந்த தாளைப் பிரித்து, குங்குமத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, அந்தத் தாளின் பின்புறத்தில் பேனாவால் நான்கு கட்டங்கள் போட்டேன்: குளம், தூண், செருப்பு, பஸ். எனக்கு ஓவியம் வராது. நான் வரைந்த குளம் கேரம்போர்டைப் போல இருந்தது. அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. பொற்றாமரைக் குளத்தின் படியில் உட்கார்ந்ததும் முதல் கட்டத்தை அடித்துவிட்டு, நடுவில் நிற்கும் பொன் தாமரையைப் பார்க்காமல், படிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தண்ணீருக்குள் இறங்கி மறையும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பிராகாரத்துத் தூண்கள். ஒரு தூணில் கன்னத்தை வைத்து, கண்ணை மூடி, அடுத்த தூணுக்குப் போய் அதேபோல வைத்து, அப்படியே இருபது தூண்களுக்கு மேல் போனான். ஓர் அம்மாள், "புள்ள என்ன பக்தியா இருக்கு பாருங்க" என்று தன் கணவரிடம் சொல்லிக்கொண்டு போனார். நான் மறுக்கவில்லை. அம்மன் சன்னிதிக்கு வரிசை வளைந்து வளைந்து நின்றதால் வெளியிலிருந்தே கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம். மதுரைக்கு வந்து மீனாட்சியைப் பார்க்காமல் போனவன் என்று அக்கா இன்னும் பல வருடங்களுக்குச் சொல்லிக்காட்டுவாள்.

நான்காவது கட்டம் பஸ். மாசி வீதிகளின் வழியாக நடந்து பெரியார் பேருந்து நிலையத்துக்கு வந்தோம். ஐந்து நிமிடத்தில் பஸ் ஏறிவிடுவது என் திட்டம். ஆனால் அங்கே நடத்துநர்களின் குரல்கள். "ஆரப்பாளையம், ஆரப்பாளையம்!" "மாட்டுத்தாவணி, மாட்டுத்தாவணி, ஏறு ஏறு!" கதிர் காதுக் கவசத்தைத் தானாகவே கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டான். குக்கர் விசிலுக்கு அலறுகிறவன் இந்த இரைச்சலுக்கு நடுவில் புன்னகையோடு நிற்பதைப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. வண்டி புறப்படும் முன்பே எங்கே போகிறது என்று மூன்று முறை உரக்கச் சொல்லிவிடுகிற மனிதர்கள் இவர்கள். வீட்டில் நான் அட்டைகளை வைத்துக்கொண்டு செய்கிற வேலையைத்தான் இவர்கள் தொண்டையால் செய்கிறார்கள். ஒன்றே கால் மணி நேரம் நின்றோம். வழியில் நான் ஒரு ஜிகர்தண்டா குடித்தேன், 40 ரூபாய். பாலாடையும் கடற்பாசியும் கலந்து மேலே ஐஸ்கிரீம் மிதக்கும் அந்தத் தம்ளரைக் கதிர் ஒரு குற்றவாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

இரவில் வீடு நிறைய உறவினர்கள். ஒவ்வொருவரும் அன்பாகத்தான் பேசினார்கள், அதுதான் கஷ்டம். பேச்சு வரக் கோயிலுக்கு மணி வாங்கிக் கட்டச் சொன்னார் பெரியப்பா. நாக்கில் வசம்பு தேய்க்கச் சொன்னார் ஓர் அத்தை. புருஷனும் பொண்டாட்டியும் வேலைக்குப் போய்விட்டால் பிள்ளை யாரிடம் பேசும் என்று கேட்டார் இன்னொருவர். 1943-இல் லியோ கானர் பதினோரு குழந்தைகளைப் பற்றி எழுதி இந்த நிலைக்கு ஒரு பெயர் கொடுத்தார். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் பெரிய மருத்துவர்களே தாயின் பாசக்குறைவுதான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறவியிலேயே மூளை வளர்ச்சியில் அமையும் வேறுபாடு இது, மரபணுக்களின் பங்கு இதில் பெரிது என்று அவர்கள் திருந்தி வந்துவிட்டார்கள். என் உறவினர்களுக்கு மட்டும் அந்தத் தகவல் இன்னும் வந்து சேரவில்லை. படித்த தம்பி முறையுள்ள ஒருவன், "தடுப்பூசியாலயாமேண்ணே?" என்றான். 1998-இல் பன்னிரண்டு குழந்தைகளை வைத்து அப்படி ஒரு கட்டுரை லான்செட் இதழில் வந்ததையும், அது தவறென்று 2010-இல் அந்த இதழே திரும்பப் பெற்றுக்கொண்டதையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இருந்தாலும்..." என்றான். அந்த "இருந்தாலும்" என்ற சொல்லோடு வாதாடி நான் ஒருமுறைகூட வென்றதில்லை. கதிர் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு, "மாட்டுத்தாவணி, மாட்டுத்தாவணி" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

பிப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை

குலதெய்வக் கோயில் நாகமலைப் பக்கம் ஒரு சிற்றூரில், ஊரின் கடைசியில், புளியமரங்களுக்கு நடுவே இருக்கிறது. எட்டு மணிக்கு வேன் போய்ச் சேர்ந்தபோதே குழாய் ஒலிபெருக்கி நான்கு திசையிலும் கட்டப்பட்டுப் பாடிக்கொண்டிருந்தது. மைக் செட் தம்பியிடம் போய்ச் சொன்னேன். உடனே குறைத்தான். ஐந்து நிமிடம் கழித்து யாரோ போய், "என்னப்பா, விசேஷ வீடு மாதிரியே இல்ல" என்று சொல்லவும் மறுபடியும் கூட்டினான். அவன்மேல் குற்றமில்லை, காசு கொடுப்பவர்கள் சத்தத்துக்குத்தான் கொடுக்கிறார்கள்.

பவுன் 63,000 ரூபாயைத் தாண்டியிருந்த வாரத்தில் சிறிய கம்மல் வாங்கி, பட்டுப்பாவாடை, வளையல், பழத்தட்டு என்று பதினொரு தட்டுச் சீரோடு உறுமி மேளம் முன்னே போக நான் நடந்தேன். அவ்வளவு நேரமும் கதிர் என் இடுப்பில் இருந்தான், முகத்தை என் தோளில் புதைத்து, இரண்டு காதையும் கவசத்துக்கு மேலே கைகளாலும் பொத்திக்கொண்டு. காதுகுத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் இருக்க வேண்டும். மடி ஒன்றுதான். அத்தானின் தம்பி மகன், கல்லூரியில் படிக்கும் பையன், "நான் பாத்துக்கிறேன் மாமா" என்று கதிரை வேனுக்குள் உட்கார வைத்துக்கொண்டான். நல்ல பையன். பத்து நிமிடம்தானே என்று நினைத்தேன்.

மூன்று வயது யாழினியை மடியில் இருத்தி, அவளுடைய தலையை என் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். ஆசாரி மஞ்சள் பூசி, வலது காதில் ஊசியை வைத்தார். அவள் வீறிட்ட அதே நொடியில் யாரோ கோயிலுக்குப் பின்னால் வேட்டைக் கொளுத்தினார்கள். வேட்டு அட்டைகளில் இல்லை. எனக்கே அதை யாரும் சொல்லியிருக்கவில்லை. மூன்று வெடித்தன. வேன் கதவு திறந்து கிடப்பதை நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தேன். இடது காது இன்னும் குத்தியாகவில்லை. எழுந்தால் சடங்கு நின்றுபோகும், உட்கார்ந்திருந்தால் மகன் எங்கே என்று தெரியாது. யாழினியை அப்படியே அக்காவின் மடியில் இறக்கிவிட்டு ஓடினேன். "மாமன் எந்திரிக்கக் கூடாதுய்யா!" என்று பெரியப்பா கத்தியது பின்னால் கேட்டது.

அஞ்சினால் ஓடுவது கதிரைப் போன்ற குழந்தைகளில் பலருக்கும் உள்ள பழக்கம். ஓடும்போது வண்டி, கிணறு எதுவும் அவர்கள் கண்ணில் படுவதில்லை. கூப்பிட்டால் காதில் விழுவதும் இல்லை. அதனால்தான் அவனுடைய சட்டைகள் எல்லாவற்றிலும் காலருக்கு உள்ளே என் கைப்பேசி எண்ணைத் தைத்து வைத்திருக்கிறோம். அன்றைக்கு அவன் அணிந்திருந்தது அக்கா வாங்கிக்கொடுத்த புதுச்சட்டை. அதில் எண் இல்லை. முதலில் கிணற்றுப் பக்கம் ஓடிப் பார்த்தேன். சமையல் கொட்டகை, புளியந்தோப்பு, பின்னால் கரும்புக்காடு என்று ஆளுக்கொரு பக்கம் பிரிந்து போனார்கள். அந்தக் கல்லூரிப் பையன் அழுதுகொண்டே ஓடினான். ஒலிபெருக்கி மட்டும் நிற்காமல் பாடிக்கொண்டிருந்தது.

ஊர் முக்கில் டவுன் பஸ் ஒன்று திரும்பி நின்றிருந்தது. ஓட்டுநர் டீக்கடையில் இருந்தார். நடத்துநர் பின்படிக்கட்டின் அருகில் நின்று எனக்குக் கையைக் காட்டி, சத்தம் போடாமல் வரச் சொன்னார். ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கையில் கதிர் சன்னல் கம்பியைப் பிடித்தபடி நேராக உட்கார்ந்திருந்தான். கால்சட்டை நனைந்திருந்தது, ஒரு முழங்காலில் சிராய்ப்பு.

"ஓடியாந்து ஏறிட்டாப்ல. பேரக் கேட்டேன், சொல்லல. எங்க போகணும்னு கேட்டேன், பெரியார், பெரியார்னு சொன்னாப்ல. சரி, தேடி யாராச்சும் வருவாங்கன்னு வண்டிய எடுக்காம வச்சிருக்கோம்" என்றார் நடத்துநர்.

எவ்வளவு நேரமாக என்று கேட்டேன். எட்டு நிமிடம் என்றார். உள்ளே ஐந்தாறு பேர் இருந்தார்கள். ஒருவரும் நேரமாகிறது என்று முணுமுணுக்கவில்லை. பூக்கூடை வைத்திருந்த ஒரு பாட்டி மட்டும், "பயந்துருச்சுய்யா புள்ள, தண்ணி குடு" என்று தன் பாட்டிலை நீட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கதிரை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் அவன் அழுதான். இருபது நிமிடம் இருக்கும். தலையைத் தன் கையால் அடித்துக்கொண்டான், என் முன்கையைக் கடித்தான். இதனை அடம் என்று நினைப்பவர்கள் உண்டு. அடம் பிடிக்கும் குழந்தை, கேட்டது கிடைத்தால் நிறுத்தும். நாம் பார்க்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்க்கும். கதிர் அப்போது எதையும் கேட்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. பஸ் கிளம்ப வேண்டியிருந்ததால் நிழற்குடைக்கு இறங்கி அங்கே தரையில் இருந்தோம். கூட்டம் கூடியது. "ரெண்டு போட்டா சரியாப் போகும்" என்று ஒருவர் சொன்னார். நிமிர்ந்து பார்க்க எனக்குத் தெம்பில்லை.

திரும்பிப் போனபோது யாழினியின் இடது காதும் குத்தியாகியிருந்தது. எங்கள் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் தாய்மாமன் முறையில் உட்கார்ந்துவிட்டாராம். பெரியப்பா என்னிடம் பேசவில்லை. அக்கா மட்டும் ஒரு தூக்குவாளியில் வெறும் சோறும் இன்னொன்றில் எனக்குக் கறிக்குழம்பும் ஊற்றி, "நீ கெளம்புடா, இங்க இருக்காத" என்று ஆட்டோவில் ஏற்றிவிட்டாள்.

ஆட்டோக்காரரிடம் சத்தமில்லாத இடமாகப் பார்த்துப் போகச் சொன்னேன். கீழக்குயில்குடிச் சமணர் மலை அடிவாரத்தில் நிறுத்தினார், 150 ரூபாய். தாமரைக் குளமும் பெரிய ஆலமரங்களும் அய்யனார் கோயிலும் உள்ள அந்த இடத்தில் மரத்தடியிலேயே சாப்பிட்டு, கதிர் என் மடியில் இரண்டு மணி நேரம் உறங்கினான். காலையில் வேறொரு பிள்ளைக்குரியதாக இருந்த மடி. வெயில் சாய்ந்த பிறகு எழுந்து, தானாகவே பாறைப் படிகளில் ஏறத் தொடங்கினான், நான் பின்னால் போனேன். மேலே இருக்கும் இடத்துக்குப் பேச்சிப்பள்ளம் என்று பெயர். பேச்சு வராத பிள்ளைக்கு மணி கட்டச் சொன்ன பெரியப்பாவுக்கு இந்தப் பெயர் தெரிந்தால் இதையும் ஒரு வேண்டுதலாக்கிவிடுவார். பாறையில் எட்டுச் சிற்பங்கள் ஒரே வரிசையில் செதுக்கப்பட்டிருக்கின்றன, கீழே ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய வட்டெழுத்துகள். கதிருக்கு வரிசை என்றால் போதும். இடமிருந்து வலம் ஒவ்வொருவரையும் விரலால் காற்றில் தொட்டுக்கொண்டே போய், கடைசியில் நின்று, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினான். சுட்டுவிரல். மூன்று வயதில் இந்த விரல் நீளவேண்டும் என்று நாங்கள் ஏங்கியதை நினைத்துக்கொண்டேன். இப்போதும் அவன் எனக்காக எதையும் காட்டவில்லை, தனக்காகத்தான் எண்ணிக்கொண்டிருந்தான். மலையில் காற்று நன்றாக இருந்தது. கடித்த இடம் மட்டும் வியர்வை பட்டு எரிந்தது.

பிப்ரவரி 17, திங்கட்கிழமை

நேற்று இரவு இருவரும் ஒன்பது மணிக்கே உறங்கிவிட்டோம். இன்றைய நாளுக்கான அட்டைகளைக் காலையில் அத்தானின் தம்பி மகன் வந்து என்னோடு உட்கார்ந்து வரைந்தான். அவன் கை எனக்கு எவ்வளவோ மேல். கதிரிடம் மன்னிப்புக் கேட்க விரும்பினான், எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. பஸ் ஒன்றை வண்ணம் தீட்டி, முகப்புப் பலகையில் "பெரியார்" என்று எழுதிக் கொடுத்தான். கதிர் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

ரயில் இரவில்தான். ஏழு மணிக்குக் கிளம்பினால் போதும் என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். ஐந்தரை மணிக்குப் பெரியப்பா வந்தார். கோபம் தணிந்து, சமாதானமாகப் பேசவே வந்திருந்தார். முதலில் என் கையிலிருந்த பல்தடத்தைப் பார்த்து மருந்து போட்டாயா என்று கேட்டார். பிறகு தேனிப் பக்கம் ஒருவர் மந்திரித்துக் கயிறு கட்டுகிறார், அவரிடம் மூன்று பௌர்ணமிக்குப் போய்வந்தால் பிள்ளை வாய்விட்டுப் பேசுவான் என்று தொடங்கினார். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். கால் மணி நேரம் ஆயிற்று.

உள்ளேயிருந்து கதிர் வந்தான். ஒரு கையில் புதுச் செருப்பு, இன்னொரு கையில் என்னுடைய செருப்பு. நான்கையும் என் காலடியில் வரிசையாக வைத்தான். பெரியப்பாவுக்கும் எனக்கும் நடுவில் நின்று, சன்னல் பக்கம் பார்த்தபடி உரக்கச் சொன்னான்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. பெரியார், பெரியார், ஏறு ஏறு."

பெரியப்பா பேச்சை நிறுத்திவிட்டார். அக்கா அடுப்படியில் சிரிப்பை அடக்கிக்கொண்டு முந்தானையால் வாயைப் பொத்துவது தெரிந்தது. "வாய்விட்டுத்தான பேசுறான்" என்று அவள்தான் கடைசியில் சொன்னாள்.

ஒன்றே கால் மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிட்டோம். தெப்பக்குளம் நிறுத்தத்தில் வந்த பஸ்ஸில் முன்னிருக்கை கிடைக்கவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நடத்துநர் வந்தார். பெரியாருக்கு ஒன்றரை டிக்கெட் வாங்கினேன். அரை டிக்கெட்டைக் கதிர் இரண்டு விரலால் பிடித்து, கடைசி நிறுத்தம் வரை கசங்காமல் வைத்திருந்தான்.